நாலாம் நம்பர் குறிப்பு

ஆறாம் வகுப்பில் அவள் எழுதிய கட்டுரை நோட்டைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு புண்ணியவான் 'அச்சு' என்று பெயர் வைத்தான். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பத்தாம் வகுப்புக்கு வந்தபோது வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அதைக்கூட அவள்தான் எழுதியிருந்தாள்.

கையெழுத்து அழகாக இருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பதை எந்தப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை. கிறுக்கல் பேர்வழிகள் எல்லாரும் சிவனே என்று பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். முத்து முத்தாக எழுதுகிறவளுக்குத்தான் ஊர் வேலை முழுவதும் வந்து சேருகிறது. அதிலும் அந்தப் பருவம் பள்ளிக்குத் தலைக்கு மேல் வேலை. விளையாட்டு விழா முடிந்து மூச்சு விடுவதற்குள் அறிவியல் கண்காட்சி, அது முடிவதற்குள் ஆய்வு அதிகாரிகள் வருகை, நடுவில் பருவத் தேர்வு, கடைசியில் ஆண்டு விழா. விளையாட்டு விழாவுக்கு நூற்றெண்பது சான்றிதழில் பெயர் எழுத வேண்டும். கண்காட்சிக்கு முப்பது அட்டை. ஆய்வாளர் வருகிறார் என்றால் கேட்கவே வேண்டாம். குடிநீர்க் குழாயின் மேலே 'குடிநீர்' என்று எழுதாவிட்டால் ஆய்வாளருக்குத் தெரியாதல்லவா, அதற்கும் அச்சுதான்.

அலுவலக உதவியாளரை மாணவர்கள் ஆபீஸ் அண்ணன் என்பார்கள். அவர் வகுப்பு வாசலில் வந்து நின்று, "சார், அச்சுவ அனுப்புங்க, அஞ்சு நிமிஷம்தான்" என்பார். அந்த அஞ்சு நிமிஷம் மணியடித்த பிறகுதான் முடியும். மூன்றாவது பீரியடில்தான் ஆபீஸ் அண்ணனுக்குக் கை ஓயும் என்பதாலும், மூன்றாவது பீரியட் பெரும்பாலும் கணக்கு என்பதாலும், அடி விழுந்ததெல்லாம் கணக்கின் தலையில்தான். கணக்கு சார் பலகையிலிருந்து திரும்பாமலே, "போம்மா" என்பார்.

அவளுக்கு வேண்டியிருந்ததோ கணக்குதான். அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் எழும்பியபோது, ஒரு பெண் பெரிய காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு மேஸ்திரிகளிடம் இந்தச் சுவர் இங்கே வரணும் என்று காட்டியதை அச்சு பார்த்திருக்கிறாள். மேஸ்திரிகள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அன்றிலிருந்து அந்த வேலைமேல் அவளுக்கு ஒரு கண். ஆண்டுக் கடைசியில் கணக்கில் அறுபது வாங்கினால்தான் மேல்வகுப்பில் கணக்குப் பிரிவு கிடைக்கும். அது கிடைக்காவிட்டால் அந்தக் காகிதம் வாழ்நாள் முழுக்க வேறு யாருடைய கையிலோதான் இருக்கும்.

இதை அம்மாவிடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துவிட்டு வந்து, கையில் இஸ்திரிப் பெட்டி புதிதாகச் சுட்டிருந்த இடத்துக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள் அம்மா.

"டீச்சருங்க உன்னத்தானே கூப்பிடறாங்க, வேற யாரையாவது கூப்பிடறாங்களா? செஞ்சு குடு. நாளைக்கு ஒரு மார்க் குறைஞ்சாலும் பாத்துப் போடுவாங்க."

"அப்படியெல்லாம் போட மாட்டாங்கம்மா."

"நீ கண்டியா? எனக்குத்தான் கையெழுத்துன்னு சொன்னாலே கை நடுங்குது. உனக்காவது வந்துச்சே."

அம்மாவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு அச்சுவுக்கு மேலே பேச வாய் வரவில்லை.

பருவத் தேர்வு வந்தது, போனது. கணக்கு விடைத்தாளை வகுப்பில் கொடுத்த அன்று அச்சு அறிவியல் அறையில் தவளையின் பாகங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாள் அலமாரிக்குள்ளேயே தங்கிவிட்டது. கேட்டதற்கு, "அப்புறம் வாங்கிக்கோ" என்றார் சார். அந்த அப்புறம் வரவே இல்லை.

அடுத்த வாரம் வகுப்பு டீச்சர் அவளை நூலகத்துக்கு அழைத்துப் போனார். நல்ல மனுஷிதான். 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார், வேலை கொடுக்கும்போது பிஸ்கட்டும் கொடுப்பார். மேசையில் நாற்பத்தாறு பிராகிரஸ் கார்டுகளையும் மதிப்பெண் பட்டியலையும் வைத்தார்.

"மார்க்கப் பாத்து எழுதிடு கண்ணு. கடைசிக் கட்டத்துல குறிப்பு எழுதணும். ஒவ்வொருத்தருக்கும் யோசிக்க எனக்கு எங்க நேரம்? பேருக்கு நேரா நம்பர் போட்டிருக்கேன். அந்த நம்பருக்கு எந்த வாக்கியமோ அத எழுதிடு."

வாக்கியங்கள் நான்கு. ஒன்று, மிக நன்று. இரண்டு, நன்று. மூன்று, இன்னும் முயற்சி தேவை. நான்கு, வகுப்பில் கவனம் போதாது. நாற்பத்தாறு பிள்ளைகளுடைய ஒரு பருவ வாழ்க்கை இந்த நாலு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

பட்டியல் எண் வரிசையில் எழுதிக்கொண்டே வந்தாள். பதினேழில் அவளுடைய பெயர் வந்தது. தமிழ் எண்பத்திரண்டு. அறிவியல் ஐம்பத்தெட்டு. கணக்கு இருபத்தொன்பது. பெயருக்கு நேராகப் பென்சிலில் நாலு.

இருபத்தொன்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முப்பத்தைந்துகூட வரவில்லை. அழுகைதான் முதலில் வந்தது, அதை அடக்கிக்கொண்டாள். மதிப்பெண்ணை அப்படியே கார்டில் எழுதினாள், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கடைசிக் கட்டத்துக்கு வந்து பேனாவை வைத்ததும் கை நின்றது. வகுப்பில் கவனம் போதாது. அதை அவளே எழுத வேண்டும், அதுவும் அழகாக எழுத வேண்டும். அழுகை போன இடத்தில் சுரீரென்று கோபம் ஏறியது.

பக்கத்தில் உட்காரும் நெட்டையின் கணக்கு நோட்டு அவளுடைய பையில்தான் இருந்தது. விட்டுப்போன பாடத்தைப் பார்த்து எழுத வாங்கியது. நெட்டைக்குக் கணக்கு வராது. ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் தேதி போட்டு அடிக்கோடு இழுக்காமல் அவளால் இருக்க முடியாது. அச்சு தன் நோட்டையும் அந்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாக ஒப்பிட்டாள். ஒருமுறை சரிபார்த்தாள், இன்னொருமுறையும் பார்த்தாள். பிறகு அந்தச் சின்னக் கட்டத்துக்குள், இரண்டே வரியில், பொடி எழுத்தில் எழுதினாள்.

'இப்பருவத்தில் நடந்த கணக்கு வகுப்புகள் 38. அவற்றில் 21 வகுப்புகளின்போது இம்மாணவி பள்ளி வேலையாக வெளியே அனுப்பப்பட்டார்.'

மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதினெட்டாம் கார்டை எடுத்தாள்.

அவள் அதை ஒளிக்கவில்லை, அடியில் செருகவும் இல்லை. வரிசையாக அடுக்கி டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஒரு தடவ பாத்துடுங்க டீச்சர்."

"நீ எழுதினதுல பாக்க என்ன கண்ணு இருக்கு?"

"இருக்கு டீச்சர். பாருங்க."

டீச்சர் சிரித்துக்கொண்டே கட்டைத் தட்டிச் சமன் செய்து, தலைமையாசிரியை மேசைக்கு அனுப்பிவிட்டார். தலைமையாசிரியையும் ஒரு கையில் தேநீரும் ஒரு கையில் பேனாவுமாக நாற்பத்தாறிலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். பள்ளி முத்திரையும் விழுந்தது. கிறுக்கலாக இருந்திருந்தால் யாராவது கண்ணைச் சுருக்கிப் படித்திருப்பார்கள். அவள் எழுதியது அழகாக இருந்ததால் ஒருத்தரும் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அம்மா மேற்பார்வையாளரிடம் ஒரு மணி நேரம் கெஞ்சி வாங்கிக்கொண்டு, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடி வந்தாள். பின்னால் இன்னும் எட்டுப் பேர் வரிசையில் நிற்க, கார்டை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். மனதுக்குள் படிக்க அவளுக்கு வராது. வாய்விட்டுத்தான் படிப்பாள்.

"இருபத்தொம்பதா?" என்று நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பிறகு கீழே இறங்கிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். "இப்பருவத்தில் நடந்த கணக்கு வகுப்புகள் முப்பத்தெட்டு..."

முதல் வாக்கியத்திலேயே வகுப்பு டீச்சர் எழுந்துவிட்டார். இரண்டாவது முடிந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. வரிசையில் நின்றவர்கள் கார்டை எட்டிப் பார்த்தார்கள்.

"இத யார் எழுதினது?" என்றார் டீச்சர். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, பள்ளியில் இருக்கும் ஒவ்வொரு சுவரிலும் அந்த எழுத்துத்தான் இருந்தது.

"நான்தான் டீச்சர்."

"யாரக் கேட்டு எழுதின?"

"எதாவது தப்பா இருந்தா சொல்லுங்க டீச்சர். திருத்திடறேன்."

பேச்சு தலைமையாசிரியையின் அறைக்குப் போனது. கணக்கு சாரையும் வரவழைத்தார்கள். தலைமையாசிரியை கார்டை இரண்டு முறை படித்தார். கீழே இருந்த தன் கையெழுத்தை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"குறிப்பு எழுதறது உன் வேலையா?"

"இல்ல மேடம். டீச்சர் வேலை. என்கிட்ட குடுத்தாங்க."

"வாயப் பாரு" என்றார் தலைமையாசிரியை.

"பெரியவங்ககிட்ட என்னடி பேச்சு இது" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அச்சுவுக்கு அதுதான் சுருக்கென்று குத்தியது. தலைமையாசிரியைக்கு எதிரே நிமிர்ந்து நிற்க முடிந்தவளுக்கு அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் எழுதியது எழுதியதுதான், அதிலிருந்து ஒரு புள்ளியைக்கூட எடுப்பதாக இல்லை.

தலைமையாசிரியை குரலை இறக்கிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க இத இங்க குடுத்துட்டுப் போங்கம்மா. திங்கக்கிழம வேற கார்டு எழுதித் தரோம். சின்னப் பொண்ணு, ஏதோ புரியாம எழுதிட்டா. ஆண்டு விழாவுல அவளுக்கு சேவைக்குன்னு ஒரு பரிசுகூட வெச்சிருக்கோம்."

அம்மா கார்டைக் கொடுக்கவில்லை. "இது பொய்யா மேடம்?" என்றாள்.

தலைமையாசிரியை கணக்கு சாரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கும் மேடம். அனுப்பச் சொன்னாங்க, அனுப்பினேன்."

"மூணு வருஷமா நானும் போ போன்னுதான் சொன்னேன்" என்றாள் அம்மா. "எம்மேலயும் தப்பு இருக்கு. பொய் இல்லன்னா இதுலயே நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். பேனா குடுங்க."

பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில், தழும்பேறிய விரல்களால் பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு, கோடு தாண்டி ஓடும் எழுத்தில் தன் பெயரை முழுதாக எழுதினாள். அந்தப் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தலைமையாசிரியைக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "பரிசெல்லாம் வேணாங்க. அவ கணக்கு வகுப்புல உக்காரணும்" என்று சொல்லிவிட்டு அம்மா சலவைக்கூடத்துக்கு ஓடினாள்.

இதோடு எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தால் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். திங்கட்கிழமை மூன்றாவது பீரியட், சார் பலகையில் இருபடிச் சமன்பாடு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் ஆபீஸ் அண்ணன் வந்து நின்றார்.

"சார், அச்சுவ அனுப்புங்க. ஆண்டு விழா அழைப்பிதழ்ல பேர் எழுதணுமாம். அஞ்சு நிமிஷம்தான்."

"போம்மா" என்றார் சார். வெள்ளிக்கிழமை தலையைக் குனிந்துகொண்டு நின்ற அதே மனிதர்தான். பழக்கம் வாயிலேயே இருந்தது.

அச்சு எழுந்து நின்றாள். நெட்டை அவள் வெளியே போக வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள்.

"நான் வரலண்ணா."

"எழுதறதுக்கு ஆள் இல்லம்மா."

"எல்லாருக்கும் எழுதத் தெரியும்ணா. சுமாரா இருந்தாலும் படிக்க முடியும்."

ஆபீஸ் அண்ணன் சாரைப் பார்த்தார். சார் அச்சுவைப் பார்த்தார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார்.

"அவ்வளவு அக்கறையா? சரி, வந்து இதப் போடு" என்று சுண்ணக்கட்டியை நீட்டினார் சார்.

போனாள். கேள்வியின் கீழே முதல் வரி எழுதினாள். பலகையில் அதைவிட அழகாக ஒரு வரி இருக்க முடியாது. அடுத்த வரி வரவில்லை. யோசித்தாள், அப்போதும் வரவில்லை. பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது மடல் சுட்டது. அழைப்பிதழ் எழுதப் போயிருந்தால் இந்த அவமானம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"எனக்குப் புரியல சார். முதல்லேர்ந்து சொல்லுங்க."

"இந்தக் கணக்கையா?"

"இந்தப் பாடத்த."

வகுப்பில் முனகல் எழுந்தது. சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அது ஒரு பீரியட்ல முடியாதும்மா."

"இன்னைக்கு முடியற வரைக்கும் சொல்லுங்க சார். மிச்சத்த நாளைக்குக் கேக்கறேன். நாளைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

அவள் பெஞ்சுக்குப் போகவில்லை. பலகை ஓரத்திலேயே நோட்டை விரித்துக்கொண்டு நின்றாள். சார் துடைப்பானை எடுத்து அவளுடைய அழகான வரியையும் சேர்த்துப் பலகை முழுவதையும் அழித்தார். மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தார். அவர் இரண்டாவது வரி எழுதும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கையைத் தூக்கினாள்.