விழுங்கும் சத்தம்

காது மெஷின் கடைக்காரருக்கு வீட்டில் மட்டும் காது கேட்காது என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி. கடையில் ஆளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, கொசு முனகுவது போல ஒரு சத்தத்தைக் காதில் விட்டு, "கேட்டா பொத்தானை அழுத்துங்க" என்பார். அழுத்தினால் அவர் பக்கத்துப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். வீட்டிலோ, அவர் செருப்பைக் கழற்றும் முன்பே மனைவி ஆரம்பித்துவிடுவாள்: யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் புது சோபா. தெரு அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ அக்கா. கல்யாணமான புதிதில் கேட்டுக்கொண்டிருந்த மனுஷர், நாளாக நாளாக "ம்" கொட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த ரேடியோவுக்கு டான்சில் வீங்கி வீங்கி, கடைசியில் எடுத்தே தீரவேண்டும் என்றாகிவிட்டது. எடுத்தாயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்:

"ஆபரேஷன் அப்பவே ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கோம். வீக்கம், வலி, குமட்டல் எல்லாம் கம்மியா இருக்கும். கொஞ்சம் மாத்திரையும் தர்றேன். ஆனா வலி இல்லைங்கிறதால புண் ஆறிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. மொறுமொறுன்னு எதையும் கடிக்கக் கூடாது. பேச்சையும் குறைச்சுக்கட்டும்."

"ம்," என்றார் கடைக்காரர்.

டாக்டரம்மா அதற்கு மேலும் ஒன்று சொன்னார். அதற்கும் "ம்"தான். ஒரு பெண்குரல் நிறுத்தாமல் பேசினால் அவர் காது தானாகக் கதவைச் சாத்திக்கொள்ளும். வினை அங்கேதான் வந்தது.

வீட்டுக்கு வந்தவள் படுப்பாள் என்று பார்த்தால், எங்கே. ஸ்டீராய்டு செய்த வேலையில் வலி பேருக்குத்தான் இருந்தது. பசியோ அகோரப் பசி. தூக்கம் வராமல் அலமாரி முழுவதையும் இறக்கி அடுக்கினாள். வாய் திறக்கத்தான் தடை. பாவம் பார்த்து கடைக்காரர் ஒரு பழைய விளக்குப் பெட்டியைக் கடையிலிருந்து கொண்டுவந்து தன் மேஜையில் வைத்து, நீள வயரில் பொத்தானை அவள் கையில் கொடுத்தார். "ஏதாவது வேணும்னா அழுத்து."

கொடுத்தது தப்பு. ஜன்னலை மூட ஒரு அழுத்து, திறக்க ஒரு அழுத்து, எதிர்வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கையைக் காட்டிக் கேட்க ஒரு அழுத்து. வாயை அடைத்தாலும் ரேடியோ வேறு அலைவரிசையில் பாடிக்கொண்டேதான் இருந்தது. மாத்திரை முடிந்த பிறகும் தொண்டை சும்மா இருக்கிறதே என்ற தைரியத்தில், அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து ரஸ்க்கைக் கடித்துத் தின்றாள். அது பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் ஒருவழியாகக் கண்ணயர்ந்தாள். கடைக்காரர் விட்டால் போதும் என்று பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, யாரோ ஒரு தாத்தாவின் காது மெஷினைத் திறந்து உட்கார்ந்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"ம்," என்றார் பழக்கத்தில்.

அணைந்தது. மறுபடி எரிந்தது. வயரைப் பிடுங்கியதையே மறந்து, தூக்கத்திலும் விடமாட்டேங்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றார். அவள் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பொத்தான் உள்ளங்கையில் கிடந்தது. விரல் அசையவே இல்லை. திரும்பிப் பார்த்தால் மேஜையில் விளக்கு எரிகிறது. அணைகிறது. கூண்டுக்குள் இருப்பவருக்கு மட்டும் ஏதோ கேட்கிறது என்றல்லவா அதற்கு அர்த்தம். அப்படி என்ன கேட்கிறது?

பல வருஷத்துக்குப் பிறகு அந்த மனுஷர் தன் வீட்டில் காதைக் கொடுத்துக் கேட்டார்.

மளக். கொஞ்ச நேரம் கழித்து, மளக். ஒவ்வொரு மளக்குக்கும் விளக்கு எரிந்தது.

அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில், எதையோ, விடாமல்.

காதில் எங்கோ கிடந்த டாக்டரம்மாவின் குரல் அப்போதுதான் உள்ளே வந்து சேர்ந்தது: "தூக்கத்துல அடிக்கடி விழுங்கினா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

அவளைத் தூக்கி உட்கார வைத்தார். உதட்டோரம் சிவப்பாக வழிந்தது. அவர் போட்ட கூச்சலில் தெருவே ஓடிவந்தது. பக்கத்து வீட்டுக் காரில் போனார்கள்.

கசிவை அடைத்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். "வயித்துக்குள்ள நிறைய ரத்தம் போயிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம். நல்லவேளை, நான் சொன்னதை ஞாபகம் வச்சிருந்தீங்க."

இந்த முறை அவருக்கு "ம்" வரவில்லை.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது மேஜையடியில் பார்த்தார். பிடுங்கிய வயர், அவர் போட்ட இடத்திலேயே கிடந்தது. தெருவில் ஆளுக்கொரு கதை சொன்னோம். பழைய பெட்டி, உள்ளே ஏதாவது கோளாறு என்றான் எலெக்ட்ரீஷியன்.

குரல் திரும்பிய அன்று அவள் படுக்கையிலிருந்தே ஆரம்பித்தாள். "ஏங்க, அன்னைக்கு ஒரு கனவு. என்னை உங்க கூண்டுக்குள்ள உக்கார வச்சிருக்காங்க. ஒரே இருட்டு. சத்தம் கேட்டா அழுத்துன்னு யாரோ சொல்றாங்க. கேக்குது, அழுத்துறேன், அழுத்திக்கிட்டே இருக்கேன்."

"அப்புறம்?" என்றார் கடைக்காரர்.

அவள் திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.

"அப்புறம் என்ன," என்றாள் மெதுவாக. "வெளியில யாருமே இல்லைன்னு நெனச்சேன்."