டிரைவரின் இரு பாதிகளுக்கு ஒரு லாக்

மலைக்கு லாரி ஓட்டும் டிரைவரின் இடது பாதிக்கு அறுபத்தாறு வயது, வலது பாதிக்கு முப்பத்தாறு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஐம்பத்தொன்று வரும். லைசன்ஸில் இருந்ததும் அதுதான் என்பதால் அலுவலகத்தில் ஆட்சேபிக்கவில்லை, போட்டோ மட்டும் இரண்டு கேட்டார்கள். முதலில் கண்டுபிடித்தவர் முடிதிருத்துபவர். மீசை இடப்பக்கம் பஞ்சாக வெளுத்து, வலப்பக்கம் கருகருவென்று இருந்ததைப் பார்த்து, சாயம் பூசும்போது பாதியில் கரண்ட் போய்விட்டதா என்று கிண்டலடித்தார். பிறகு சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார். கழுத்துச் சுருக்கமும் அளந்து வைத்ததுபோல் நடுவில் வந்து நின்றுவிட்டிருந்தது. கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவி விழ, கடையைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியவர் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஊரே ஆடிப்போனது. தையல்காரர் மட்டும், ரொம்ப நாளாகவே இரண்டு கைக்கும் தனித்தனியாகத்தான் அளவெடுக்கிறேன், கேட்டால் சொல்லியிருப்பேனே என்றார்.

திடுக்கிடாத இன்னொரு ஆள் மெக்கானிக், டிரைவரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. லாரிக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவனுக்குக் காரணம் தெரிந்திருந்தது. மேலே இருக்கும் அறுபது வீடுகளுக்கு கேஸ் சிலிண்டரும் மருந்தும் சிமெண்டும் கொண்டுபோக அந்த ஒரு பாதைதான். மழை பெய்தால் தண்ணீரெல்லாம் இடது ஓரமாக இறங்கும், ஏழாவது வளைவில் சேறு முழங்கால் ஆழம் இருக்கும். பின் சக்கரங்களுக்குச் சுற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியலுக்கு இளகிய மனசு. பின்னால் இரண்டு சக்கரத்தில் எது லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே சுற்றையெல்லாம் வாரிக் கொடுத்துவிடும், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் சும்மாவே நிற்கும். பதினைந்து வருஷம் இடது சக்கரம் சேற்றில் இரட்டை வேகத்தில் சுழன்றது, வலது சக்கரம் நின்றது. டிரைவருக்கும் அதுவே ஆயிற்று. இதிலென்ன அதிசயம் என்றான் மெக்கானிக்.

டிஃபரன்ஷியலுக்கு ஒரு லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும், ஆளும் ஒன்றாகிவிடுவார் என்று அவன் வருஷா வருஷம் சொல்லிவந்தான். எதைப் போடுவது என்பதில்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை ஒரேயடியாக வெல்டிங் அடித்துவிடுவது ஒரு வழி. மரம் ஏற்றும் லாரிக்காரர் அப்படித்தான் செய்தார். அன்றிலிருந்து அவரால் நேராக மட்டுமே நடக்க முடிந்தது. தெருமுனை வந்தால் நான்கு பேர் தூக்கித் திருப்பி வைக்க வேண்டும், ஆள் கிடைக்காத நாளில் நேர் எதிரே இருக்கிற வீட்டுக்குள் புகுந்து பின்வாசல் வழியாகப் போய்விடுவார். தானாகவே பூட்டிக்கொள்ளும் ரகம் ஒன்று உண்டு. அதைப் போட்ட ஜீப்காரருக்கு வளைவில் மட்டுமல்ல, வாக்கியத்தின் நடுவிலும் டக்கென்று பூட்டிக்கொண்டது, பாதிப் பேச்சில் விறைத்து நிற்பார். ஓரளவுக்கே பிடிக்கும் ரகமோ, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் கையை விரித்துவிடும். ஸ்விட்சில் இயங்குவதுதான் தோது. வேண்டும்போது பூட்டலாம், கெட்டித் தரை வந்ததும் விடுவிக்கலாம். ஆனால் பேச்சு இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் டிரைவரின் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். கருமித்தனம் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊருக்கென்ன, வாய் சும்மா இருக்காது.

போன மழைக்காலத்துக்கு முன் டாக்டர் டிரைவரைப் பரிசோதித்துவிட்டு மனைவியைத் தனியாக அழைத்தார். இதயம் இடப்பக்கம் இருக்கிறது, ஓடி ஓடி அலுத்துவிட்டது, இன்னொரு மழையைத் தாங்காது என்றார். தகவல் தெரிந்ததும் மெக்கானிக் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினான்.

"இன்னும் என்னக்கா யோசனை? மாமா செத்துப்போகணுமா? ஒரு ஸ்விட்சுக்காக இத்தன வருஷமா இழுத்தடிக்கிறியே!"

அவள் தம்பியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மணி நான்கு, பள்ளிக்கூடம் விடும் நேரம். டிரைவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கண் தரையைப் பார்த்திருந்தது. வலது கண் வாசலையே பார்த்திருந்தது, வலது பாதி உதட்டில் சிரிப்பு. வலது கை, ஏழு வயசுப் பிள்ளையின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், காற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய அக்கா மகள் எட்டு வயசில் இறந்துபோய்ப் பதினாலு வருஷமாகிறது. அப்பாவோடு மேலே போன இடத்தில் வந்த காய்ச்சலோடு அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது ஏழாவது வளைவில் லாரி மாட்டிக்கொண்டது. நாலு மணி நேரம் இடது சக்கரம் சுழன்றது. அதற்குள் பிள்ளையின் உயிர் போய்விட்டது. அந்த நாலு மணி நேரமும் வலது சக்கரம் நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு ஏழு வயசாக இருக்கும்போதே நின்றுவிட்ட வலது பாதி அந்த நாளுக்கு இன்னும் வந்துசேரவே இல்லை. மகளைப் பற்றி டிரைவர் ஏன் ஒரு வார்த்தையும் பேசியதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது: பேச வாயெடுத்தால் பாதி உதடு ஒத்துழைக்காது.

"இந்த வீட்டுல அவ உயிரோட இருக்கிறது இந்தப் பக்கத்துல மட்டுந்தான்டா" என்றாள் அக்கா. "பூட்டினா இதுவும் அந்த நாளுக்கு வந்துடும். அவ போயிட்டான்னு நானே எப்படிச் சொல்லுவேன்?"

அன்றிரவு அவள் எந்தப் பக்கம் படுத்தாள், என்ன யோசித்தாள் என்று யாருக்கும் தெரியாது. காலையில் பட்டறைக்கு வந்து, ஸ்விட்ச் போட்டதையே வாங்கு, ஆனால் ஸ்விட்ச் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்றாள். தம்பி மூன்று நாள் வேலை செய்தான். அழுதுகொண்டே வேலை பார்த்ததால் இரண்டு போல்ட்டை மாற்றி முடுக்கிவிட்டு, மறுபடி கழற்றி மாட்டினான்.

முதல் மழைக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளும் லாரியில் ஏறிக்கொண்டாள். பின்னால் சிலிண்டர்களோடு மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். ஏழாவது வளைவில் இடது சக்கரம் வழக்கம்போலச் சேற்றில் இறங்கிச் சுழலத் தொடங்கியது. டிரைவர் இடது கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் ஸ்விட்சைத் தட்டினாள். கீழே லாக்கைத் தள்ளும் காற்று சீறும் சத்தம், பிறகு டங்கென்று ஒரு சத்தம், இரண்டு சக்கரமும் சேர்ந்து தரையைக் கவ்வின. நாற்பது அடி ஏற்றத்தை ஏறி முடிப்பதற்குள் வலப்பக்கத் தலை நரைத்தது, இடப்பக்கம் கொஞ்சம் கறுத்தது, கழுத்தின் நடுக்கோடு மறைந்தது. மேட்டில் லாரியை நிறுத்திய டிரைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு மூச்சு சீராக வந்தது. முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது.

"பாப்பா எங்க?"

அவள் சொன்னாள். வலது கண் மட்டும் அழுதது. இடது கண் அழுது முடித்துப் பல வருஷமாகிவிட்டதால் அது வறண்டே இருந்தது. இடது கை எழுந்து, பழக்கப்பட்ட கை என்பதால் நிதானமாக, வலது கன்னத்தைத் துடைத்தது. அவள் அந்தக் கையோடு தன் கையையும் சேர்த்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் செய்தி மேலும் கீழும் பரவிவிட்டது. கடைகளைச் சாத்திவிட்டு எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். டாக்டர் வந்தார், முடிதிருத்துபவர் வந்தார், மரலாரிக்காரரை நான்கு பேர் திருப்பித் திருப்பிக் கூட்டிவந்தார்கள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, எப்ப நடந்துச்சு என்று கேட்டார்.

"இன்னிக்குக் காலைலதான்" என்றார் டிரைவர். "ஏழாவது வளைவுல."

மனைவி திருத்தவில்லை. வேறு யாரும் திருத்தவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள்.