அடைத்துப்போன கண்

கண் அழுத்தத்தை வீட்டிலிருந்தபடியே கண்காணிக்கும் கருவி ஒன்றுக்கு லண்டனில் காப்புரிமை பெற்ற கண் மருத்துவர் நதானியேல். அந்தக் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்தில் தன் ஊரான கோப்பாய்க்கு ஓடி வந்திருந்தார். அக்கா தேவமலர் அனுப்பிய குரல்செய்திதான் காரணம்.

"தம்பி, கண் அடைச்சுப் போச்சு. இனி ஒண்டும் செய்யேலாதாம். ஒருக்கா வந்து பாத்திட்டுப் போ."

ஊரார் கண்களைக் கவனித்துவிட்டு, சொந்த அக்காவின் கண்ணைக் கோட்டைவிட்டுவிட்டோமே என்று வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது.

படலையைத் திறந்ததும் அக்கா தூரத்திலிருந்தே சிரித்தார்.

"என்னடா, நல்லா வழுக்கையாப் போனாய்!"

"அக்கா, உங்களுக்குக் கண் தெரியுதோ?"

"விசரா! என்ரை கண்ணுக்கென்ன? நான் சொன்னது எங்கடை கிணத்தின்ரை ஊத்துக்கண்ணை. நாளைக்குக் கிணத்தை மூட ஆக்கள் வருகினம்."

கிணற்றுக்கும் கண் உண்டென்பது எப்படி மறந்துபோனது? இளவயதில், சித்திரை வெயிலில் தண்ணீரை இறைத்து, அக்கா மேலே வாளி இழுக்க, உள்ளே இறங்கி அந்தக் கண்ணைத் துப்புரவாக்கியது நதானியேல்தானே!

"கயிறு இருக்கோ?"

"இந்த வயசிலை இறங்கப் போறியோ?"

"கண் சோதிக்கிறதுதானே என்ரை தொழில்."

அத்தானின் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சேற்றை வாளி வாளியாக அள்ளினார். அக்கா ஏசிக்கொண்டே இழுத்தார். வெகுநேரத்துக்குப் பிறகு, குதிக்காலுக்கடியில் சில்லென்று நீர் புரண்டது.

"அக்கா, கண் திறந்திட்டுது!"

அக்கா கிணற்றுக்கட்டைப் பிடித்துக் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"தெளியட்டும். நாளைக்கு மூட வாறவைக்கு உந்தத் தண்ணியிலையே தேத்தண்ணி போட்டுக் குடுத்து அனுப்புவம்."