ஆறாவது உப்புக்கட்டி

"பாஜு! பாஜு! வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டே முருகம்மாள் ஓடினாள். எதிரே தோல் மூட்டை ஏற்றி வந்த கைவண்டிக்காரன் வண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டான். மழைத் தண்ணீரும் பட்டறைச் சாக்கடையும் ஒன்றாகக் கலந்து ஓடிய சந்து. கணுக்கால் வரை முங்கியது. அவள் நிற்கவில்லை.

பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் சயான் ஸ்டேஷன் வாசலில் ஒரு கடைக்காரரிடம் செருப்புக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். கூடத் தைக்கும் இசக்கியம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஏட்டி, நீ இங்க நிக்கியா! அஞ்சு மணிக் கூட்டத்த மூணுக்கு மாத்திப்புட்டாவ. நம்ம கல்லு, கத்தி, தோலு எல்லாத்தையும் மழையில தூக்கி வீசுதான் செல்லப்பாண்டி!"

அவ்வளவுதான். கடைக்காரர் ரசீது நீட்டியது நீட்டியபடி நின்றார்.

தாராவியில் கட்சியின் வட்ட அலுவலகம் ஒரே ஓர் அறை. பகலில் அங்கே முருகம்மாளும் பன்னிரண்டு பெண்களும் உட்கார்ந்து செருப்புத் தைப்பார்கள். சாயங்காலம், தோலை வைத்துத் தட்டும் கல்லை ஓரம் தள்ளிப் பாயை விரித்தால் அது கட்சி ஆபீஸ். ஐந்து வருஷ ஏற்பாடு. சுவரில் தலைவர்கள், தரையில் தோல் துணுக்கு. யாரும் யாரையும் குறை சொன்னதில்லை.

போன மாதம் சர்க்கார் பதினான்கு பேங்குகளைக் கையில் எடுத்துக்கொண்டது. அதிலிருந்து டில்லியில் கட்சி இரண்டாய்ப் பிளந்து நின்றது. பிளவு ரயிலேறித் தாராவிக்கும் வந்தது. சயான் சிக்னல் பக்கம் ஒரு ஸ்டூலில் ஏறி, "பேங்கை எடுத்தது சரி!" என்று முருகம்மாள் அரை மணி நேரம் பேசினாள். வட்டத் தலைவர் பிச்சை முதலாளியின் காதுக்கு அது அன்றே போயிற்று.

இன்றைய தீர்மானம் அதற்குப் பதில். பேங்கை எடுத்தது தவறு, நம் வட்டம் பழைய தலைவர்கள் பக்கம், இதற்கு மாறாக வெளியில் பேசியவர் கட்சியில் இல்லை, அலுவலக அறை இனிக் கட்சி வேலைக்கு மட்டும். நிறைவேறிவிட்டால் முருகம்மாளும் பன்னிரண்டு பெண்களும் நடுத்தெருவில். அடை மழைக்காலத்தில் தெருவில் உட்கார்ந்து தோல் தைக்க முடியாது.

அவள் போய்ச் சேர்ந்தபோது தட்டுக்கல் சேற்றில் கிடந்தது. வாசலை அடைத்துக்கொண்டு செல்லப்பாண்டி நின்றான். முதலாளியின் அக்கா மகன். கதவுக்கு வேலையே இல்லாத உடம்பு.

"கூட்டம் முடிஞ்சிட்டு. போங்கக்கா."

"முடிஞ்ச கூட்டத்துக்கு நீ ஏம்ல காவல் நிக்கே? தள்ளு."

"மாமா யாரையும் விடக்கூடாதுன்னு..."

"நான் யாரோ இல்லலே. கமிட்டி மெம்பரு. தொட்டுப் பாரு, தைக்கிற ஊசி இடுப்புல இருக்கு."

அவன் தள்ளி நின்றான்.

உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். செல்லப்பாண்டியையும் அவளையும் சேர்த்தால் பதினொன்று, ஓட்டுள்ள கமிட்டி முழுசு. தகரக் கூரையில் மழை கொட்டியது. நாற்காலியில் தலைவர் பிச்சை முதலாளி; அவருக்கு ஓட்டு கிடையாது. மாதுங்காவில் வீடு, தாராவியில் தோல் கிட்டங்கி. வெள்ளைக் கதரில் ஒரு சொட்டுச் சேறு இல்லை.

"வா தாயி," என்றார். "ஒனக்குத் தெரியாமலா நடத்துவோம்? ஆள் அனுப்பினேனே."

"அனுப்பின ஆளு என் கல்லையில்ல வெளியே அனுப்பிட்டான்!"

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கினார்கள்.

பாயில் உட்கார்ந்திருந்த செயலாளர் வெயிலுமுத்து தீர்மானத்தை எடுத்து மறுபடி வாசித்தார். ஐம்பது வயது. முதலாளியின் கிட்டங்கியில் மேஸ்திரி, கிட்டங்கிக்குப் பின்னால் முதலாளி கொடுத்த அறையில் குடித்தனம். வாசித்து முடித்ததும் தன் கருத்தையும் சொன்னார்.

"முருகம்மா, நீ நல்லவ. ஆனா யோசிச்சுப் பாரு. ரேஷன் கடை சர்க்கார் கையிலதான இருக்கு? அரிசியில பாதி கல்லு. நாளைக்கு பேங்கும் அப்பிடித்தான். கேட்டா ஃபைலு மேல போயிருக்கும்பான்."

"இப்ப மட்டும் என்ன அண்ணாச்சி? போன வருஷம் ஒரு பேங்குல போயி, மெஷின் வாங்கக் கடன் கேட்டேன். 'பாயி, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா'ன்னான். செருப்பு தைக்கிறவகிட்ட! பணம் போட்டது ஊரு சனம். எடுத்துட்டுப் போறது மில்லு முதலாளி."

"மில்லு முதலாளி வரி கட்டுதான்," என்றார் பிச்சை. "நானும் கட்டுதேன். சம்பாதிச்சதுல முக்காவாசி சர்க்காருக்கு. அந்த வரியிலதான் நீ நடக்கிற ரோடு."

"தாராவியில ரோடா?" என்றார் தோல் தரகர் காசிம். "அரே முதலாளி, எந்தப் பக்கம்னு காட்டுங்க, நானும் ஒரு தடவை நடந்து பாக்கேன்."

அறையே குலுங்கியது. முதலாளியும் சிரித்தார், கண் சிரிக்கவில்லை.

முருகம்மாள் விடவில்லை. "நாங்களும் வரி கட்டுதோம். மண்ணெண்ணெய்க்கு வரி, தீப்பெட்டிக்கு வரி, சீனிக்கு வரி. ஒங்களுக்கு வரி வந்தா ஆடிட்டர் இருக்காரு. எங்களுக்கு வந்தா ராத்திரி விளக்கு இருக்காது."

"பேங்கை எடுத்தவன் நாளைக்குக் கிட்டங்கியையும் எடுப்பான்!" வாசலிலிருந்து செல்லப்பாண்டி உறுமினான். அவனும் கமிட்டியில் ஒருவன். "அப்புறம் யாருக்குத் தைப்ப? டில்லிக்கா? மாமா, பேச்சு எதுக்கு? கை தூக்கச் சொல்லுங்க. இவளுக்கு ஒத்தக் கை. பாத்துருவோம்!"

அங்கேதான் அடி. தாராவி வழக்கம் அறிந்தவர்களுக்கு அது புரியும். திருநெல்வேலியிலிருந்து பெட்டியோடு வருகிறவனை தாதர் ஸ்டேஷனில் போய் இறக்கி, படுக்க இடம் காட்டி, வேலை வாங்கித் தருகிறவர் 'இறக்கிவிட்டவர்'. அவர் முகத்துக்கு எதிரே கை தூக்குவது பெற்ற தகப்பனை அடிப்பதற்குச் சமம். அந்தப் பதினோரு பேரில் எட்டுப் பேரைப் பிச்சை முதலாளிதான் இறக்கிவிட்டிருந்தார். முருகம்மாளை இறக்கிவிட்டது அவள் புருஷன். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அவள் கை யாருக்கும் கட்டுப்பட்டதில்லை.

"கை வேண்டாம்," என்றாள். "ரகசிய ஓட்டு. இல்லன்னா இந்தத் தீர்மானம் செல்லாதுன்னு ஜில்லா ஆபீஸ் வாசல்ல போயி உக்காருவேன். பன்னெண்டு பேரும் வருவோம். கல்லோட."

"நானும் ரகசிய ஓட்டுதான் கேக்கேன்," என்றார் காசிம்.

முதலாளி கோபப்படுவார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் தாடையைத் தடவினார். "சரிதானே. பாதிப் பேருக்கு எழுத்து வராது, சீட்டு வேண்டாம். ஏல செல்லப்பாண்டி, கிட்டங்கியில உப்புக்கட்டி ஒரு கூடை, ஆவாரம்பட்டை ஒரு கூடை கொண்டா. ஒரு பானையும் எடு. தீர்மானம் வேணும்னா பட்டை. வேண்டாம்னா உப்பு. ஒண்ணை மூடின கையில எடுத்துப் பானையில போடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

இவ்வளவு சுலபமாகவா? முருகம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது.

கூடைகள் வந்தன. பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தேய்க்கிற கட்டி உப்பு. தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டை. முதலாளி எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். "ஓட்டுப் போட்டுட்டு வாங்க. எதிரா போட்டவனும் என் தம்பிதான். ஒவ்வொருத்தன் கையையும் புடிச்சு நன்றி சொல்லித்தான் அனுப்புவேன்."

கையைப் பிடித்து!

பத்து வருஷம் பட்டறையில் தோல் அலசியவள் முருகம்மாள். மழைக்கால உப்பு நீர் கசிந்து உள்ளங்கையில் பிசுபிசுக்கும். பட்டை ஈரக் கையில் மஞ்சள் கறை வைக்கும். இரண்டு நாள் போகாது. முதலாளி நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் ஊறியவர். கையைத் தொட்டால் ஓட்டு தெரிந்துவிடும்!

"நில்லுங்க!" என்றாள். கூடைகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டாள். "ஆளுக்கு ரெண்டையும் எடுக்கணும். உப்பு ஒரு கட்டி, பட்டை ஒரு துண்டு, ரெண்டையும் ஒரே கையில. நல்லா இறுக்கி மூடுங்க. போட நெனச்சதை ஓட்டுப் பானையில போடுங்க. இன்னொரு பானை கொண்டாங்க, மிச்சத்தை அந்தக் கழிவுப் பானையில போடுங்க. ரெண்டு பானைக்கு மேலயும் துணி. அப்புறம் முதலாளி நல்லாக் கை குடுக்கட்டும்!"

காசிம் முதல் ஆளாகக் கூடையில் கைவிட்டார். "வாஹ், முருகம்மா பாயி!"

முதலாளி முகத்தில் இரத்தம் ஏறியது. வேண்டாமென்று சொல்ல முடியாது; சொன்னால் எண்ணம் அம்பலம்.

ஓட்டுப் பானை மேஜையில். கழிவுப் பானையைச் செயலாளர் என்ற முறையில் வெயிலுமுத்து பாயில் உட்கார்ந்தபடி மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவராக வந்தார்கள். துணிக்கடியில் கை போயிற்று, வந்தது. செல்லப்பாண்டி கடைசியில் வந்து, "பட்டைக்கே ஜே!" என்று கத்திவிட்டுப் போட்டான். வாசலில் முதலாளி பதினோரு கையும் பிடித்துப் பார்த்தார். எல்லாக் கையும் பிசுபிசு. எல்லாக் கையும் மஞ்சள்.

ஓட்டுப் பானையைக் கவிழ்த்தார்கள்.

பட்டை ஐந்து. உப்பு ஆறு.

முருகம்மாளுக்குக் கணக்குத் தெரியும். அவள், காசிம், அவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசிய மூன்று பேர். ஐந்து உப்பு. ஆறாவது யார்? அவளுக்கே தெரியவில்லை.

முதலாளிக்கும் அதே கேள்வி. மேஜையில் ஓங்கி அறைந்தார். "என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே உப்பு போட்டவன் எவம்லே? பேரு வரணும். வரலேன்னா இந்த ஓட்டே கிடையாது. இப்பவே எல்லாரும் கை தூக்குங்க. பாக்கேன், எவன் தூக்காம இருக்கான்னு!"

கூட்டம் தலை குனிந்தது. உப்புப் போட்ட அந்த மூன்று பேரில் ஒருவன் கை மெல்ல அசைந்தது, தூக்கிவிடுவான். முருகம்மாள் வாயைத் திறப்பதற்குள் பாயிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"நான்தான்," என்றார் வெயிலுமுத்து.

முதலாளி திகைத்துப் போனார். "நீயா? இப்பத்தானே தீர்மானத்துக்காவப் பேசின?"

"பேசினேன். ஓட்டு என் இஷ்டம். பேரு கேட்டிய, சொல்லிட்டேன். இனி ஓட்டு செல்லும். தீர்மானம் தோத்துப் போச்சுன்னு நோட்டுல எழுதுதேன்."

"ஒன்னை தாதர்ல இறக்கிவிட்டவன் நான்லே!"

"ஆமா. அதுக்கு இருவத்திரண்டு வருஷம் தோல் சுமந்தாச்சு முதலாளி. போதும்."

"சாயங்காலத்துக்குள்ள அறையைக் காலி பண்ணு. மேஸ்திரி வேலையும் கிடையாது!"

"சரி," என்றார் வெயிலுமுத்து. உட்கார்ந்து நோட்டில் எழுதினார்.

ஐந்து மணிக்கெல்லாம் தட்டுக்கல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு பெண்களும் சுற்றி நின்று துடைத்தார்கள். முருகம்மாள் மட்டும் சயான் ஸ்டேஷன் பாதையில் வேகமாய் நடந்தாள். தலையில் தகரப் பெட்டியோடு வெயிலுமுத்து போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! எங்க போறிய?"

"டோம்பிவிலியில மச்சினன் இருக்கான். வேலை கிடைக்கும். கைத்தொழில் இருக்குல்லா."

"ஒங்க உப்புலதான் எங்க அறை நின்னுச்சு. இதுக்கு நாங்க என்ன செய்யப் போறோம்?"

அவர் பெட்டியை இறக்கி ஓரமாய் வைத்தார்.

"நீ நன்றி சொல்லாண்டாம். நான் போட்டது பட்டை."

முருகம்மாள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னட்டி பாக்க? பேங்கை எடுத்தது தப்புன்னு நாளைக்கும் சொல்லுவேன். அடுத்த கூட்டத்துக்கு ரயிலேறி வந்து ஒன்னைத் தோக்கடிப்பேன். அது வேற. பானையில விழுந்த ஓட்டைக் கலைச்சுப்புட்டுக் கை தூக்குன்னாரே, அதுக்கு நான் செயலாளரா இருக்க முடியாது."

"அப்ப அந்த ஆறாவது உப்பு?"

"கழிவுப் பானை என் மடியில இருந்துச்சு. கண்ணுக்குத்தான் துணி போட்ட. உப்புக்கட்டி விழுந்தா மடியில இடிக்கும். பட்டை விழுந்தா தெரியவே தெரியாது. எவன் பட்டையை இதுல கழிச்சானோ, அவன் ஓட்டு உப்பு. ஆறு பேரையும் எனக்குத் தெரியும்."

"யாரு? சொல்லுங்க அண்ணாச்சி!"

"நான் ஒத்துக்கிட்டா வேலையும் அறையும்தான் போவும். அவன் பேரு வந்திருந்தா உசுரோட விட்டிருக்க மாட்டாரு. பன்னெண்டு வருஷமா சம்பளமில்லாம மூட்டை தூக்குதான், சொந்தக்காரன்கிற பேருக்கு. கேட்டா அடி. ஒன் கல்லை வீசினப்ப அழுதானாம், இசக்கி பாத்திருக்கா." பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "ஒனக்குள்ளயே வச்சுக்க. செல்லப்பாண்டி."