கத்திரிக்கோல் பிடிக்காத வேலை

டென்மார்க்கின் கோல்டிங் நகர மத்தியில் உள்ள ஒரு சலூனில் நிலக்ஷி பதினான்கு வருடங்களாக முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் அனன் தாய்லாந்துக்காரன், பக்கத்து இரும்புத் தொழிற்சாலையில் வேலை. முதலில் அவனும் முடி வெட்டத்தான் வந்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கியபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. கலியாணமாகி ஏழு வருடம். இப்போது அவன் டேனிஷும் யாழ்ப்பாணத் தமிழும் கலந்து கதைப்பான். நிலக்ஷியின் அப்பா யோகராஜா மட்டும் அவனை இன்றுவரை "ஆனந்தன்" என்றுதான் கூப்பிடுகிறார்.

அனனின் அக்கா மாலி தாய்லாந்தின் சொங்லா நகரில், கடற்கரைக்குக் கிட்ட ஒரு சலூன் நடத்துகிறாள். அங்கேயே போய் இருந்துவிடுவது, நிலக்ஷி மாலியோடு சேர்ந்து வேலை செய்வது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். கோல்டிங் வீட்டை விற்பனைக்கும் போட்டாயிற்று. அப்போதுதான் மாலி ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்துவிட்டு அனனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அனன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு முகம் வாடித் திரும்பினான்.

"முடி வெட்டுற வேலை அங்கை வெளிநாட்டாக்களுக்கு இல்லையாம், நிலா."

"நான் உன்ரை மனிசி எல்லே?"

"மனிசியெண்டாலும் இல்லையாம். அக்காவின்ரை கடையிலை சும்மா உதவிக்கு நிண்டாலும் அது வேலைதானாம். பிடிச்சா அனுப்பிப்போடுவினம்."

நிலக்ஷி அன்று சமைக்கவில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கவும் இல்லை. அடுத்த இரண்டு கிழமையும் வேலை முடிந்து வந்ததும் கணினிக்கு முன்னால் குந்திவிடுவாள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, அந்நாட்டவரைக் கலியாணம் கட்டினால் என்ன சலுகை என்று ஒரு வரி விடாமல் வாசித்தாள். தாய்லாந்து எழுத்தில் இருந்ததை அனன் வாசித்துச் சொன்னான்.

மாலியும் சும்மா இருக்கவில்லை. தனக்கு முடிச்சாயம் விற்கும் சொங்லாவுக்குக் கிட்ட உள்ள ஹாட்யாய் நகரத்துச் சிறு நிறுவனம் ஒன்று, சலூன்காரருக்குச் சாயம் கலக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறது என்று செய்தி அனுப்பினாள். முடி வெட்டத் தேவையில்லை, கத்திரிக்கோலையே தொடவேண்டாம், வாயால் சொல்லிக்கொடுத்தால் போதும்.

நேர்முகம் ஒரு சனிக்கிழமை, சலூனின் பின்னறையில், தலை துவட்டும் துவாய்க் குவியலுக்கு நடுவே திரையில் நடந்தது. நிறுவனத்தை நடத்துபவள் கனோக் என்ற ஐம்பது வயதுப் பெண். கறுத்த, தடித்த முடியைச் சாம்பல் நிறத்துக்கு எப்படிக் கொண்டுவருவாய் என்று கேட்டாள். நிலக்ஷிக்குப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அனனிடம் பழகிய உடைந்த தாய்லாந்து மொழியில் இருபது நிமிடம் விடாமல் சொன்னாள். சொல் வராத இடத்தில் தன் முடியையே இழுத்துக் காட்டினாள். கனோக் சிரித்துவிட்டாள். எனக்கு உன்னைப் பிடித்திருக்கிறது, ஆனால் எடுக்க முடியாதே என்றாள். வெளிநாட்டவர் ஒருவரை வேலைக்கு வைக்க நிறுவனத்தின் மூலதனம் இருபது லட்சம் பாட் இருக்கவேண்டும். அவளிடம் இருப்பது பத்து லட்சம்.

நிலக்ஷி கதிரையை விட்டே எழும்பிவிட்டாள். "தாய்லாந்து ஆளைக் கலியாணம் கட்டியிருந்தால் பாதி போதும்! நான் வாசித்தேன். உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள், இப்பவே கேளுங்கள்!"

கனோக் திரையை விட்டுப் போனாள். பத்து நிமிடம். வெளியே யாரோ முடி உலர்த்தும் சத்தம். திரும்பி வந்தவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். சரிதான், பாதி போதும்! அதோடு ஒன்று கேட்டாள்: உங்கள் கலியாணம் தாய்லாந்தில் பதிந்திருக்கிறதுதானே?

பதியவில்லை. கோல்டிங் நகரசபையில் எழுதியதோடு சரி. இந்த மாத முடிவுக்குள் பதிந்து அனுப்பினால் வேலை உனக்கு, இல்லாவிட்டால் பாங்கொக்கிலிருந்து ஒருவர் வருகிறார் என்று கனோக் சொல்லிவிட்டாள்.

கலியாணப் பத்திரத்தை டேனிஷ் வெளியுறவு அமைச்சில் உறுதிப்படுத்தி, மொழிபெயர்த்து எடுத்தார்கள். கடைசியாகக் கோப்பன்ஹேகனில் தாய்லாந்துத் தூதரகத்தின் முத்திரை வேண்டும். அங்கே பன்னிரண்டு மணிக்குக் பத்திரம் வாங்கும் கருமபீடத்தைப் பூட்டிவிடுவார்கள். புதன்கிழமை இருவரும் வேலைக்கு லீவு போட்டு, விடிய முதல் ரயிலில் ஏறினார்கள். கடலுக்கு மேலான பெரிய பாலத்தில் காற்று கடுமையாக இருந்ததால் ரயில் இரண்டு மணித்தியாலம் நின்று, பிறகு ஊர்ந்து போனது. நிலக்ஷி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்தாள்.

"மணியைப் பாத்தா ரயில் ஓடாது," என்றான் அனன்.

"அப்ப நீ ஏன் காலை ஆட்டுறாய்?"

கோப்பன்ஹேகனில் இறங்கும்போது பதினொன்று இருபது. நகரத்துக்குள் ஓடும் எஸ்-ரயிலுக்கு ஓடி, அதிலிருந்து இறங்கி மறுபடி ஓடி, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க மூச்சிரைக்கக் கருமபீடத்தில் பத்திரங்களை வைத்தார்கள். அங்கிருந்த பெண் நிதானமாக வாசித்தாள். வாசித்துவிட்டு ஓர் இடத்தில் விரலை வைத்தாள். மொழிபெயர்ப்பில் அனனின் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து பிழை.

அனன் அந்த இடத்திலேயே மொழிபெயர்ப்பாளரை அழைத்தான். ஓகூஸ் நகரில் இருந்த அந்த மனுஷி மதியச் சாப்பாட்டை வைத்துவிட்டுத் திருத்தி அனுப்புவதாகச் சொன்னாள். பன்னிரண்டு அடித்தது. மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அதிகாரிப் பெண் எழும்பி வாசற்கதவைப் பூட்டிவிட்டு வந்து, பழையபடி தன் கதிரையிலேயே இருந்தாள். "சொங்லாவில் எந்தப் பக்கம்?" என்று அனனைக் கேட்டாள். அவளுடைய அம்மாவும் அந்தப் பக்கம்தானாம். பன்னிரண்டு இருபதுக்குத் திருத்திய பிரதி மின்னஞ்சலில் வந்தது. முத்திரை விழுந்த சத்தத்தைக் கேட்டு நிலக்ஷி அனனின் கையை நுள்ளியே விட்டாள்.

அன்று பின்னேரமே பத்திரங்கள் விரைவுத் தபாலில் மாலிக்குப் போயின. மாலி அனனின் அதிகாரக் கடிதத்தோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போய், மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் கலியாணத்தைப் பதிந்தாள். கனோக் உடனே விண்ணப்பத்தைப் போட்டாள்.

மூன்று கிழமை கழித்து, ஒரு செவ்வாய் காலை, நிலக்ஷி கிர்ஸ்டன் என்ற வாடிக்கையாளருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அதிர்ந்தது. கனோக்கின் செய்தி. கூடவே ஒரு கடிதத்தின் படம். வேலை அனுமதிக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. நிலக்ஷி போட்ட சத்தத்தில் கிர்ஸ்டன் கதிரையிலிருந்து துள்ளி எழும்பினாள். விஷயத்தைக் கேட்டதும் சாயத்தோடேயே கட்டிப்பிடித்தாள்.

அனனுக்குத் தொலைபேசி எடுத்தாள், அவன் பதில் எடுக்கவில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் காதடைப்போடு நிற்பான். அப்பாவுக்கு எடுத்தாள்.

"அப்பா, கிடைச்சிட்டுது!"

"என்ன, வீடு வித்திட்டுதோ?"

"வேலை அனுமதியப்பா! தாய்லாந்திலை!"

"ஆனந்தனுக்குச் சொல்லிப்போட்டியோ?"

"அவர் ஃபோன் எடுக்கேல்லை."

"அப்ப என்னோடை என்ன கதை? போய்ச் சொல்லு, பிள்ளை! நான் பிறகு கதைக்கிறன்."

கிர்ஸ்டனின் தலையைக் கழுவி உலர்த்தி அனுப்பிவிட்டு, நிலக்ஷி சைக்கிளை எடுத்தாள். எதிர்க்காற்றில் மிதித்து, தொழிற்சாலை வாசலுக்குப் போனபோது இடைவேளை மணி அடித்தது. அனன் தலைக்கவசத்தோடு வெளியே வந்தான். அவளைக் கண்டதும் பயந்துபோனான்.

"என்ன நடந்தது?"

அவள் தொலைபேசியை நீட்டினாள். அவன் படத்தைப் பெரிதாக்கி, தாய்லாந்து எழுத்தை ஒருமுறை வாசித்தான். பிறகு அவள் பெயர் இருந்த வரியைச் சத்தமாக வாசித்தான். அதன்பிறகு அவளை நிலத்திலிருந்து தூக்கிவிட்டான். கூட வேலை செய்பவர்கள் என்னவென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

"விடு, விடு, எனக்கு ஒரு மணிக்கு ஆள் வருகுது," என்றாள் நிலக்ஷி. அவன் விடவில்லை.