ரோனா சொன்ன சேதி

தலையில் அடிபட்டவரை எங்கள் வார்டில் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். அசையாவிட்டால் தோள்சதையைப் பிடித்துத் திருகுவோம். வலிக்கும்படிதான் திருகுவோம், அதைத் தடுக்க அவர் கை எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். டூகல் லென்னியையும் அப்படித் திருகியிருக்கிறேன். கண்ணைத் திறக்காமலே என் கையைத் தட்டிவிட்டான். நல்ல அறிகுறி என்று சந்தோஷப்பட்டோம்.

டூகல் கூரை வேலை செய்பவன். லார்க்ஸ் என்ற கடற்கரை ஊரில் ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டு, மனைவி இஷ்பெலைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளாஸ்கோவுக்குக் காரை ஓட்டிவந்தான். கார் கல்சுவரில் மோதியது. இஷ்பெல் அந்த இடத்திலேயே போய்விட்டாள். இவனுக்கு மண்டையோட்டில் விரிசல், மூளையில் வீக்கம்.

மயக்கம் தெளிந்து பேச்சு வந்தது. ஆனால் எதுவும் மனதில் தங்கவில்லை.

"இது எந்த இடம், டூகல்?"

"கப்பலா?"

"ஆஸ்பத்திரி. தலைல அடிபட்டு வந்திருக்கீங்க."

"அப்படியா? இஷ்பெல் எங்க?"

அதற்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இப்ப இங்க இல்ல" என்று பேச்சை மாற்றுவோம். நினைவு தங்காதவனிடம் சாவைச் சொன்னால், ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அது முதல் தடவைதான்.

அவனைப் பார்க்க வந்தது இஷ்பெலின் அக்கா ரோனா மட்டும்தான். மதியத்தில் வருவாள். துவைத்த பைஜாமா கொண்டுவருவாள், தலை வாரிவிடுவாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தியா என்று பேசிக்கொண்டோம். அவள் போனதும் டூகல் புரண்டு அலறுவான். கையிலிருக்கும் குழாயைப் பிடுங்குவான். ஏன் அழுகிறாய் என்றால் அவனுக்கே தெரியாது. மூளைக்குள் மறுபடியும் ரத்தம் கசிகிறதோ என்று பயந்தோம். கண்ணில் டார்ச் அடித்தேன்; பாவை இரண்டும் ஒழுங்காகச் சுருங்கின. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை.

ஒருநாள் பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ரோனாவின் குரல், குழந்தையைக் கொஞ்சுவதுபோல.

"இஷ்பெல் எங்கன்னு கேளு டூகல். கேளேன்."

"எங்க?"

"செத்துட்டா. நீதான் கொன்ன. குடிச்சுட்டு சுவத்துல கொண்டுபோய் மோதிட்ட."

திரையை இழுத்தேன். அவள் அவன் முகத்துக்கு அருகே குனிந்து, அது உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனேன்.

"அவரு மூளை வீங்கிக் கெடக்கு. இப்படிப் பண்ணினா செத்துப்போயிருவார், தெரியுமா?"

"சாகக் கூடாது சிஸ்டர். செத்துட்டா எப்படிக் கேப்பான்?" என்றாள் நிதானமாக. "நான் காலைல கண்ணு முழிக்கிறப்பல்லாம் அவ அப்பத்தான் சாகறா. இவன் மட்டும் மறந்துட்டு ஜெல்லி தின்னுட்டு இருக்கணுமா?"

அவள் வரக்கூடாது என்று தடுத்துவிட்டோம். டூகல் அடங்கினான். மெல்ல என் பெயர் அவன் நினைவில் தங்கியது. காலையில் சாப்பிட்ட கஞ்சி தங்கியது. ஒருநாள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மோராக், இஷ்பெல் செத்துட்டாளா? மறைக்காதீங்க."

நினைவு தங்க ஆரம்பித்தபின் அவனே கேட்டால் சொல்லலாம் என்று டாக்டர் அனுமதித்திருந்தார். சொன்னேன்.

மறுநாள் காலை எந்த இடம், எந்த மாதம் என்று கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னான். பிறகு நான் கேட்காமலே, "இஷ்பெல் இல்ல. நான்தான் ஓட்டினேன்" என்றான்.

"அருமை! ஞாபகம் தங்கிருச்சு" என்றார் டாக்டர். டூகல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ரோனாவைப் பார்க்க வேண்டும் என்று அவனே கேட்டான். நான் கூடவே நின்றேன். அவள் கோட்டைக் கழற்றவில்லை.

"நான்தான் கொன்னேன் ரோனா. ஞாபகம் இருக்கு."

"நாளைக்கும் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப எனக்கு இங்க வேலை இல்ல."

"போகாத. அவளப் பத்திப் பேச உன்ன விட்டா எனக்கு யாரும் இல்ல. திட்டு, அடி, பரவால்ல. நாளைக்கு வா."

"எதுக்கு? இனிமே நீயே பாத்துக்குவ."

லிப்ட் வரும்வரை அவன் கத்திக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை, அதன்பின் வரவும் இல்லை. அவன் தெளிந்துவிட்டான் என்றதும் போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போனது. வேறு வார்டுக்கு மாற்றும்வரை, மதியம் கதவு திறக்கும்போதெல்லாம் டூகல் தலையைத் தூக்கிப் பார்ப்பான்.