மாமாவின் தலையும் நாற்பது சதவீதமும்

வீட்டில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். நோயாளிகள் மொத்தம் மூன்று: ஒரு வீடியோ கேமரா, அதன் இரண்டு பேட்டரிகள். கேமரா வாங்கி மூன்று வருடமாகியும் அதில் ஒரு கீறல் கிடையாது. அதை வைத்து உருப்படியாக எதையும் எடுக்காததும் ஒரு காரணம். லென்ஸின் தூசியை மெல்லிய தூரிகையால்தான் தட்டுவான். வாயால் ஊதவே மாட்டான், எச்சில் தெறித்தால் பூச்சு போய்விடுமாம். பேட்டரிகளின் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து, தனித்தனி டப்பாவில் படுக்க வைப்பான். போர்த்திவிடாதது ஒன்றுதான் பாக்கி.

இந்தப் பாசம் அக்காவின் வேலைக்கு உலை வைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அக்கா ஒரு சலூனில் முடி வெட்டுகிறாள். பெரிய பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலை காலியாக இருந்தது. விண்ணப்பத்தோடு ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். ஒரு தலை, தண்ணீர் தெளிப்பதில் தொடங்கி, வெட்டி முடித்து நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது வரை, ஒரே மூச்சில் எடுத்திருக்க வேண்டும், போனில் எடுத்தது செல்லாது. நடுவில் ஒரு நொடி அறுந்தாலும் விண்ணப்பம் குப்பைக்கு. கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி. இரண்டு வாரம் முன்பே முடித்திருக்கலாம். "லென்ஸ் மூலைல ஒரு தூசி இருக்குக்கா" என்று தள்ளிப்போட்டது டாக்டர்தான்.

தலை மாமாவுடையது. அக்காவின் கணவர் இதற்காகவே ஐந்து மாதம் முடி வளர்த்திருந்தார். ஆபீஸில் மேலாளர் அவரைத் தனியே கூப்பிட்டு, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?" என்று விசாரித்தாராம்.

சலூன் முதலாளியம்மா மதியச் சாப்பாட்டுக்குக் கடையை மூடும் ஒரு மணி நேரத்தைக் கொடுத்திருந்தார். அக்கா மாமாவின் கழுத்தில் துணியைக் கட்டினாள். டாக்டர் முக்காலியை நிறுத்தி, பேட்டரியைப் பொருத்தி, திரையைத் திறந்தான். மீதி முப்பத்தெட்டு நிமிடம் என்று காட்டியது.

அடுத்த பேட்டரியைப் போட்டான். முப்பத்தேழு.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றான். நேற்று முன்தினம் இரண்டையும் முழுதாகச் சார்ஜ் போட்டு வைத்தது அக்கா. நேற்று டப்பாவைத் திறந்து பார்த்து அவன் பதறிப்போனான். நிரப்பியே வைத்தால் பேட்டரி சீக்கிரம் கிழடு தட்டும், நாற்பது சதவீதம்தான் ஆரோக்கியம் என்பது அவன் மனப்பாடம் செய்த பாடம். மனசு கேட்காமல், சுற்றுகிற மின்விசிறியை மணிக்கணக்கில் படம் எடுத்து இரண்டையும் நாற்பதுக்கு இறக்கினான். காலையில் ஏற்றிக்கொள்ளலாம் என்றிருந்தான். காலையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். சார்ஜரும் சுவரில் செருகும் வயரும் வீட்டில். வீடு இரண்டு பஸ் தூரம்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாப்பத்தஞ்சு, அம்பது."

"முப்பத்தஞ்சுல முடியாதா?"

"ஆட்டுக்கா மொட்டை போடறேன்?"

மாமா கண்ணாடி வழியே பார்த்தார். "மாப்ள, என் தலைய வெச்சு நீங்க பேரம் பேசிக்கறீங்க."

சொல்லிவிடலாமா என்று அவன் வாயைத் திறந்தபோது அக்கா தண்ணீரைத் தெளித்துவிட்டாள். பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

கத்தரி ஓடத் தொடங்கியதும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரையை மூடினால் கொஞ்சம் மிச்சமாகும். மூடினான். முன்பக்கம் எரியும் சிவப்பு விளக்கு எதற்கு? அதையும் மெனுவில் ஏற்கெனவே அணைத்திருந்தான். இப்போது கேமரா ஓடுகிறதா, உயிரை விட்டதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. திறந்து பார்த்தால் சார்ஜ் போகும், பார்க்காவிட்டால் அவன் உயிர் போகும். கையைக் கட்டினான், அவிழ்த்தான். கேமராவின் மேல் காதை வைத்துக் கேட்டான். அது ஒன்றும் சொல்லவில்லை. வாசல்வரை போய், போனது தப்பு என்று ஓடிவந்தான்.

"மாப்ள, பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றார் மாமா.

"பேசாதீங்க, தலை ஆடுது" என்றாள் அக்கா. ஒரு கற்றையை எடுத்து, சீவி, விரலிடுக்கில் பிடித்து, கோணம் பார்த்து, அரை அங்குலம் வெட்டினாள். அவள் கையில் அவசரமே இல்லை. அதுதான் அவள் திறமை. இன்று அதுவே டாக்டருக்கு எமன். சுவர்க் கடிகாரத்தில் நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. மாமாவின் வலப்பக்கமும் பின்பக்கமும் கச்சிதமாக முடிந்திருந்தன. இடப்பக்கம் காதை மூடிக்கொண்டு அப்படியே தொங்கியது.

"டேய், காது ஃப்ரேமுக்குள்ள இருக்கா பாரு."

பார்க்க வேண்டுமென்றால் திறக்க வேண்டும். திறந்தான். கேமரா உயிரோடு இருந்தது. மீதி இரண்டு நிமிடம்.

"அக்கா," என்றான். "ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"என்னது ரெண்டு நிமிஷம்?"

"பேட்டரி. நாந்தான்கா நேத்து பாதியா இறக்கி வெச்சேன். அதோட உடம்புக்கு நல்லதுன்னு."

கத்தரி நின்றது. அக்கா திட்டவில்லை, அதற்கும் நேரம் இல்லை. மாமாவின் இடப்பக்கத்தை ஒரு தடவை பார்த்தாள், வலப்பக்கத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கேமராவை நிமிர்ந்து பார்த்து, வகுப்பெடுக்கும் குரலில் சொன்னாள்: "இந்த வெட்டுல ஒரு பக்கம் ஏறி, இன்னொரு பக்கம் இறங்கி வரும். நீளமான பக்கத்தோட ஓரத்த மட்டும் இப்படி மெலிசாக்கணும்."

"எந்த வெட்டுல?" என்றார் மாமா.

"வாய மூடுங்க" என்றாள் அதே வகுப்புக் குரலில்.

நான்கு கற்றை. ஐந்து. உச்சியிலிருந்து சரிவாகச் சீவி, ஓரத்தைக் கூராக்கி, சீப்பை வைத்துவிட்டு நாற்காலியைச் சுற்றினாள். முன்பக்கம், வலம், பின்கழுத்து, இடம், மறுபடி முன்பக்கம். அவள் கை நாற்காலியை விட்டதும் டாக்டர் பொத்தானை அழுத்தினான். பதிவு சேமிக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. வந்த கையோடு திரை கறுத்தது.

மூவரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான் டாக்டர்.

"உனக்கு நல்லா இருக்கும்டா. உன் காதா மூடியிருக்கு?" என்றார் மாமா. அக்காவைப் பார்த்து, "சரி, அனுப்பிட்டு இந்தப் பக்கத்தையும் எடுத்து விடு" என்றார்.

முதலாளியம்மா கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டார். மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். வீட்டுக்குப் போய், பேட்டரியை ஏற்றி, வீடியோவை அனுப்பியபோது நாலரை. அனுப்பிவிட்டு, ராத்திரிச் சமையலையும் முடித்து, அக்கா கத்தரியைத் தேடி எடுத்து வருவதற்குள் பள்ளியிலிருந்து போன் வந்தது. அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"ஆமாங்க. ஆமாங்க, ஒரே டேக்தான். அப்படியே கூட்டிட்டு வரணுமா? எப்போ? சரிங்க."

போனை வைத்தாள். கழுத்தில் துணியோடு காத்திருந்த மாமாவின் அருகில் வந்து, முடிச்சை அவிழ்த்து, துணியை மடித்தாள்.

"நேர்ல வரச் சொல்றாங்க. தலையும் வரணுமாம், இதே மாதிரி."

"என்னைக்கு?"

"அடுத்த மாசம் இருபதாம் தேதி."

மாமா இடக்காதை மூடிய முடியை ஒரு தடவை ஒதுக்கிப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "மாப்ள, நாளைக்கு நீ என்கூட ஆபீஸுக்கு வர்ற. மேனேஜர் கேட்டா நீயே சொல்லு."